தீப்புண்ணும் நாவடுவும்

நெருப்பால் நேர்ந்த காயம் காலத்தில் தேறிவிடும், கடுஞ்சொல்லால் நேர்ந்ததோ என்றும் தேறாது என்னும் கருத்தினைத் திருவள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் வைத்திருத்தலைத் தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆறிப்போவது பற்றித் தீச் சுட்டதனைப் புண் என்றும், ஆறாது கிடத்தல் பற்றி நாச் சுட்டதனை வடு என்றும் அவர் பெயர் வேறுபடுத்திய நுட்பத்தைப் பரிமேலழகர் எடுத்துக் காட்டுவர். நாவின் கொடுமையை விளக்குதற்குத் தீயை ஓர் அளவையாகக் கொண்டாரேயன்றித் தீப்புண்ணின் வரலாற்றை உரைக்க வள்ளுவர் அங்குப் புகுந்திலர். ஆயினும், அக்குறளைப் பன்முறை எடுத்தோதும் நாம், தீப்புண் எளிதில் ஆறிவிடுவதொன்று என்றே மனத்துட் கொண்டுவிட்டோம். மருத்துவமனையினின்று ஒருவர் வீடு திரும்பிவிட்டால் அவர் குணமடைந்தார் என்று சொல்லி நம் கவலையை முடித்துக்கொள்கிறோம். அஃது உண்மையன்று என்பதும், அவ்வாறு திரும்பியவர்க்கு வள்ளுவர் கூறிய இரண்டு காயங்களும் ஓருடம்பிலேயே கூடிவிடுகின்றன என்பதும், அவற்றுள் ஒன்றை ஆற்றுதல் மருத்துவர் கடனாயின் மற்றொன்றை ஆற்றாமல் விடுதல் நம் குற்றமேயாம் என்பதும் இக்கட்டுரையில் யான் கூற முற்படுவன.

முதற்கண், தீக்காயம் அரிதாக நிகழும் ஒன்றன்று என்பதை உணர்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தார் கணிப்பின்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறக்குறைய 1,80,000 மக்கள் தீக்காயத்தால் இறக்கின்றனர். இந்தியாவில் மட்டும் ஆண்டொன்றுக்குப் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகின்றனர். இவர்களுட் பெரும்பாலோர் இறப்பதில்லை, பிழைக்கின்றனர். நாம் செய்தித்தாளில் படிப்பது இறந்தவர் தொகையை. பிழைத்தவர் தொகையையோ, அவர் பிழைத்தபின் வாழும் வாழ்வையோ எவரும் அச்சிட்டுத் தருவதில்லை. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் பெயரளவில் அறியாதார் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. அத்தகைய பிரிவுகளின் வாயிலைக் கடந்து வெளியே வருவோர் எங்கே செல்கின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தவரும் அதே அளவிற்குச் சிலரேயாவர்.

இனி, தீ உடலிற் செய்யும் செயலைச் சிறிது நோக்குவோம். தோல் என்பது உடலை மூடிய வெறும் போர்வையன்று. அஃது ஓர் உறுப்பு. உறுப்புக்களுள் மிகப் பெரியது. மேற்றோல் மட்டும் வெந்தால் அது சில நாட்களிற் புதிதாக வளர்ந்துவிடும். அதன் கீழுள்ள உட்டோலும் ஆழமாக வெந்துவிட்டால், அங்கிருந்த வியர்வைச் சுரப்பிகளும் மயிர்க்கால்களும் உடன் அழிகின்றன. அவை மீள்வதில்லை. உடம்பின் வேறோரிடத்தினின்று மெல்லிய தோலைச் சீவியெடுத்து அவ்விடத்தில் மருத்துவர் ஒட்டுகின்றனர். ஒட்டுத்தோல் பிடித்துக்கொள்கிறது, புண் மூடுகிறது, நோயாளி வீடு திரும்புகிறார். நாம் முடிவென்று எண்ணும் இந்நாளே உண்மையில் நெடிய பயணத்தின் தொடக்கநாள்.

எங்ஙனமெனின், மூடிய புண்ணின்மேல் தழும்பு அதன்பின்னரே வளரத் தொடங்குகிறது. சில மாதங்கள் வரை அது சிவந்து, தடித்து, மேலெழுந்து நிற்கும். அது தணிந்து மென்மையுறுதற்கு ஓராண்டும் ஈராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். தழும்புக்குச் சுருங்குதல் இயல்பு. கழுத்திற் சுருங்கினால் மோவாய் மார்போடு இழுக்கப்படும்; அக்குளிற் சுருங்கினால் கை மேலெழாது; விரல்களிற் சுருங்கினால் பேனா பிடித்தலும் பொத்தான் இடுதலும் அரிய செயல்களாகிவிடும். இதனைத் தடுத்தற்பொருட்டுச் சிம்பு கட்டி உறுப்புக்களை நீட்டி வைக்கின்றனர்; நாள்தோறும் வலியோடு கூடிய பயிற்சிகளைச் செய்விக்கின்றனர்; உடம்போடு இறுகப் பிடிக்கும் ஒருவகை அழுத்த ஆடையை நாளொன்றுக்கு 23 மணி நேரம், மாதக்கணக்காக, சிலர்க்கு ஓராண்டுக்கு மேலும், அணியச் செய்கின்றனர். நம் நாட்டுச் சித்திரை வைகாசி வெயிலில் அவ்வாடைக்குள் இருத்தல் எத்தகைய தவம் என்பதை எண்ணிப் பாருங்கள். இவற்றோடு ஓயாத அரிப்பும் உண்டு. சொறிந்தால் புதுத்தோல் கிழியும். சொறியாவிட்டால் உறக்கம் வாராது. அரிப்பினால் இரவுகளை இழந்தோர்க்கு அது மாதக்கணக்கில், சிலர்க்கு ஆண்டுக்கணக்கில், நீடிக்கின்றது.

குழந்தைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உடல் வளரும்; தழும்பு அதற்கேற்ப வளராது. ஆதலின் வளரும் பருவம் முழுவதும் இழுப்பை விடுவிக்கும் அறுவைகளை மீண்டும் மீண்டும் செய்துகொள்ள நேரிடலாம். 2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியிற் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அந்நாள் தமிழகத்தார் நெஞ்சில் இன்றும் ஒரு துக்கநாளாகவே இருக்கின்றது; இருத்தலும் தகும். ஆனால் அதே தீயிற் காயமுற்றுப் பிழைத்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் இன்று இளைஞராக வளர்ந்திருப்பர். மாண்டோர்க்கு விளக்கேற்றும் நாம், பிழைத்தோர் எத்தனை அறுவைகளைக் கடந்து வளர்ந்தனர் என்று கேட்டதுண்டா? நினைவு கூர்தல் நன்றே. ஆயினும் கண்ணீர் இறந்தாரோடு நின்றுவிடின் அதனை முழு இரக்கம் என்று கூற என் மனம் ஒருப்படவில்லை.

எம் உறவினருள் அத்தை முறையாகும் அம்மையார் ஒருவர், யான் தொடக்கப்பள்ளியிற் படித்த காலத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து மார்பும் கைகளும் வெந்து பிழைத்தார். திருமண வீடுகளுக்கு அவர் வந்தால், பந்தலின் நடுவே மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வார். எவர் எழுப்பினும் எழமாட்டார். "இவளுக்கு வந்த பெருமையைப் பார்" என்று பெண்டிர் சிலர் தம்முள் முணுமுணுப்பதை யான் கேட்டிருக்கின்றேன். ஒட்டுத்தோலுக்கு வியர்வை இல்லை. வியர்வை இல்லாத உடம்பு வெப்பத்தை வெளியேற்ற மாட்டாது உள்ளே கொதிக்கும். ஆதலின் விசிறியின் கீழ் அமர்தல் அவர்க்குப் பெருமையன்று, மூச்சுப்போல் இன்றியமையாதது. இதனை அம்முணுமுணுத்தவர்க்கு எவரும் எடுத்துக் கூறவில்லை. அத்தையாரும் கூறவில்லை. சில ஆண்டுகளில் அவர் திருமணங்களுக்கு வருதலையே விட்டுவிட்டார். அவரைத் தீ வீட்டுக்குள் அடைக்கவில்லை. அறியாமையினின்று பிறந்த ஒரு சொல்லே அடைத்தது.

நிற்க. உடற்காயத்தோடு உளக்காயமும் உண்டென்பதை மருத்துவ உலகம் முறையாக ஆராயத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாம். 1942-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதியில் தீப்பற்றி 492 பேர் மாண்டனர். பிழைத்தவர்களுள் சிலருக்கு மருத்துவம் செய்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எரிக் லிண்டெமன் என்னும் மனநோய் மருத்துவர், அவர்தம் துயரையும் இறந்தோரின் உறவினர் துயரையும் நெருங்கி ஆராய்ந்து, 1944-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். துயரத்தின் இயல்பை ஆராய்வோர்க்கு அஃது இன்றும் ஒரு முதல்நூல். அதில் அவர் கூறும் செய்தி ஒன்று நெஞ்சை உறுத்துவது. முப்பத்திரண்டு வயதினர் ஒருவர் சிறு காயங்களே உற்றிருந்தார்; உடல் தேறியவராக வீடு சென்றார். ஆனால் அத்தீயில் தம் மனைவியைக் காக்கத் தவறினோமே என்று தம்மைத் தாமே பழித்து அமைதியிழந்தார். மீண்டும் மருத்துவமனைக்குக் கொணரப்பட்ட அவர், சில நாட்களில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். காயத்தின் அளவு வேறு, துயரின் அளவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கனவில் மீண்டும் மீண்டும் தீயைக் காணுதல், தீக்குச்சி உரசும் ஒலிக்கும் அஞ்சுதல், கண்ணாடியைத் தவிர்த்தல், உற்றாரையும் தொடவிடாது விலகுதல், தமக்கு மட்டும் உயிர் எஞ்சியது ஏன் என வருந்துதல் ஆகிய இவை கோழைத்தனமும் அல்ல, நம்பிக்கைக் குறைவும் அல்ல. காய்ச்சலும் இருமலும்போல் இவையும் நோய்க்குறிகளே. இவற்றுக்கும் மருத்துவம் உண்டு. "எல்லாம் நன்மைக்கே, மறந்துவிடு" என்று தேற்றுவார் பலர். அவர் உள்ளம் நல்லது, சொல்லோ பயனற்றது. மறத்தல் அவர் கையில் இருப்பின் அவர் எப்போதோ மறந்திருப்பார்.

இனி, தீப்புண்ணின்மேல் நாவும் கண்ணும் செய்யும் காயத்திற்கு வருவோம். பேருந்தில் ஒருவர் ஏறுகின்றார். முகத்திலும் கழுத்திலும் தழும்பு. ஏறியவுடன் இருபது கண்கள் அவர்மேற் பதிகின்றன. சில, அருவருப்பால் உடனே விலகுகின்றன. சில, விலகாமல் ஒட்டிக்கொள்கின்றன. அருகில் அமர்ந்தவர் இரண்டாம் வார்த்தையிலேயே, "இது எப்படி ஆயிற்று?" என்று கேட்கின்றார். கேட்டவர்க்கு அஃது ஒருமுறை. விடை கூறுவோர்க்கோ ஆயிரத்து ஓராவது முறை. ஒவ்வொரு முறையும் அவர் அத்தீக்குள் மீண்டும் இறங்கியே விடை கூறல் வேண்டும். கேட்டவர் இறுதியில் "ஐயோ பாவம்" என்று கூறி இறங்கிச் செல்வார். இவர்கள் கொடியவர்கள் என்று யான் கூறவில்லை. பெரும்பாலும் நல்லவர்களே. புதியதொன்றைக் கண்டவுடன் கண் அங்கே செல்லுதல் மனித இயற்கை. ஆனால் இயற்கை என்பதனாலேயே அதனைப் பயிற்சியால் திருத்தலாகாது என்பது பெறப்படாது. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஆவலும் இயற்கையே. அதனை அடக்கப் பழகிய நாம் இதனையும் பழகலாம்.

ஓர் ஊர் முழுவதுமே அவ்வாறு பழகியது என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியிலுள்ள ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூரே அது. இரண்டாம் உலகப்போரில் எரியும் விமானங்களினின்று முகமும் கைகளும் கருகிப் பிழைத்த இளம் வான்படையினர் அங்குள்ள குயின் விக்டோரியா மருத்துவமனைக்குக் கொணரப்பட்டனர். அவர்க்கு மருத்துவம் செய்தவர் நியூசிலாந்தில் 1900-ஆம் ஆண்டிற் பிறந்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்னும் அறுவை மருத்துவர். கடலில் வீழ்ந்த விமானிகளின் காயங்கள் நிலத்தில் வீழ்ந்தோரின் காயங்களினும் நன்கு ஆறுதலைக் கண்டு, அவர் உப்புநீர்க் குளியலைக் கைக்கொண்டார். அக்காலத்து வழக்கிலிருந்த டானிக் அமிலப் பூச்சு, கைகளையும் கண்ணிமைகளையும் கெடுத்தல் கண்டு அதனை எதிர்த்தார். இவை அவர்தம் கைத்திறனைக் காட்டுவன. ஆனால் அவர் புகழ் இவற்றோடு நின்றதன்று.

புதிய இமையும் புதிய மூக்கும் அமைத்துக் கொடுத்தாலும், அம்முகத்தோடு தெருவில் நடக்க ஒருவன் அஞ்சுவானாயின் தம் தொழில் பாதியில் நின்றதேயாகும் என்பதை மெக்கிண்டோ உணர்ந்தார். ஆதலின், நோயாளிகள் அனைவரும் அணியவேண்டியிருந்த நீலநிற உடையை நீக்கித் தம் படையுடையையோ சொந்த உடையையோ அவர்கள் அணியுமாறு செய்தார். தொண்ணூறு நாட்களுக்குள் பணிக்குத் திரும்ப இயலாதாரைப் படையினின்று விலக்கிவிடும் விதியை எதிர்த்து வாதாடினார். எல்லாவற்றினும் மேலாக, ஊராரிடம் சென்று பேசினார். இவ்விளைஞர்கள் கடைக்கும் படக்காட்சிக்கும் வருவர். உற்று நோக்காதீர்கள், முகந்திருப்பவும் செய்யாதீர்கள், மற்றவரோடு பேசுவதுபோலப் பேசுங்கள் என்று வேண்டினார். ஊரார் அதற்கு இசைந்தனர். தம் வீடுகளுக்கு அவர்களை விருந்தினராக அழைத்தனர். ஓர் அறுவைக்கும் மற்றோர் அறுவைக்கும் இடைப்பட்ட நாட்களில் அவர்கள் அவ்வீடுகளில் தங்கி இளைப்பாறினர். 'உற்றுப் பாராத ஊர்' என்னும் பெயர் அவ்வூர்க்கு வழங்கலாயிற்று.

அந்நோயாளிகள் 1941-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தமக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். ஆராய்ச்சிச் சாலைகளிற் சோதனைக்கு ஆளாகும் சிறு பிராணியின் பெயரையே தமக்குச் சூட்டிக் 'கினிப்பன்றிச் சங்கம்' என்று நகையாடினர். ஓடிப்போக மாட்டாதபடி கால் வெந்த ஒருவரைப் பொருளாளராகவும், நீண்ட குறிப்பு எழுத மாட்டாதபடி கை வெந்த ஒருவரைச் செயலாளராகவும் தேர்ந்தனராம்! போர் முடியுங்கால் அச்சங்கத்தார் 649 பேர். போர் முடிந்தும் சங்கம் முடியவில்லை. 2007-ஆம் ஆண்டு வரை அவர்கள் ஆண்டுதோறும் அவ்வூரிற் கூடிவந்தனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலும் ஒருவரையொருவர் தேடிவர வேண்டியிருந்த உறவினை வெறும் மருத்துவமனை நட்பு என்று கூறலாகுமோ? தீக்காயத்தினின்று மீளுதல் எத்துணை நெடியது என்பதற்கும், அதனைத் தனியே கடத்தல் அரிது என்பதற்கும் அக்கூட்டங்களே சான்று. 2014-ஆம் ஆண்டில் அவ்வூரில் மெக்கிண்டோவுக்கு எடுத்த சிலை, அமர்ந்திருக்கும் ஒரு விமானியின் தோள்களில் அவர் கை வைத்து நிற்பதாக அமைந்துள்ளது. அறுவைக்கத்தி பிடித்த கையாக அதனை அமையாமல் தோள்தொட்ட கையாக அமைத்தது மிகவும் பொருத்தமேயாம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். "அவர்கள் நாட்டைக் காத்த வீரர், அவர் தழும்பு ஊரார்க்குப் பதக்கம் போலத் தோன்றியிருக்கும், நம் நாட்டிற் பிழைப்போர் நிலை அதுவோ?" என்று கேட்பார் உளர். இத்தடை வலியுடையது. நம்மிடையே தீக்காயமுறுவோர் அடுக்களையில் நிற்கும் பெண்டிர், தவழும் குழந்தைகள், பட்டாசுச் சாலையிற் கூலிக்கு உழைப்போர். அவர் தழும்பைக் கண்டு எவரும் வணக்கம் செலுத்துவதில்லை. அதனினும் கொடிது, வெந்து பிழைத்த பெண்ணை நோக்கி ஊர் ஐயுறும் ஐயம். தானே வைத்துக்கொண்டாளோ, மற்றெவரேனும் வைத்தனரோ, என்ன செய்தாளோ என்று திண்ணைதோறும் ஒரு வழக்கு மன்றம் கூடுகின்றது. கொளுத்தியவன் ஒருவன் உண்டாயின் அவனை விசாரித்துத் தண்டித்தல் நீதிமன்றத்தின் வேலை. பிழைத்தவளை நாள்தோறும் கூண்டிலேற்றுதல் யார் கொடுத்த அதிகாரம்? வீரர்க்குத் தழும்பு பதக்கமாயிற்று. இவளுக்கோ அது குற்றப்பத்திரிகையாகின்றது. ஆகவே, ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மக்கள் பயின்ற பண்பு நமக்கு வேண்டாததன்று. அவர்க்கு வேண்டியதனினும் பன்மடங்கு மிகுதியாக வேண்டுவது.

மாணவராகிய நமக்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்றுண்டு. ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் என்னும் ஆங்கில இளைஞர் 1970-ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், தாம் ஓட்டிய வண்டி தீப்பற்றியதால் முகமும் கைகளும் உடலும் கடுமையாக வெந்தார். பின்னர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற் கற்றார். கற்ற காலத்தும் அறுவைகள் தொடர்ந்தன. அறுவை மருத்துவத்தால் ஆகக்கூடியது ஓர் எல்லையளவே என்பதையும், அதற்கப்பால் மாற்றம் கொண்ட முகத்தோடு மக்களிடையே பழகும் திறனைத் தாமே கற்றல் வேண்டும் என்பதையும் உணர்ந்து, 1990-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். 1992-ஆம் ஆண்டில் 'சேஞ்சிங் ஃபேசஸ்' என்னும் அறநிறுவனத்தைத் தொடங்கி, 2020-ஆம் ஆண்டில் மறையும் வரை அத்துறையிலேயே உழைத்தார். நம் வயதில் வெந்தவர் ஒருவர் நம்மைப்போற் கல்லூரி வகுப்பில் அமர்ந்து கற்றார். அவர்க்கு அருகில் அமர்ந்திருந்தவர் எங்ஙனம் நடந்துகொண்டிருத்தல் வேண்டும் என்பதே நாம் நம்மை வினவிக்கொள்ள வேண்டிய வினா.

கல்வியோடு தொழிலும் வேண்டும். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ஆம் ஆண்டில் வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைகளுக்குப் பெயர் பெற்றவர். தொழுநோய் வேறு, தீக்காயம் வேறு. ஆயினும் இரண்டிலும் உலகம் வெறுத்து நோக்குவது முகத்தையும் கையையுமே. நிமிர்த்திய விரலுக்கு வேலை கொடுப்பார் இல்லையாயின் அறுவையாற் பயன் என் என்று கண்ட அவர், நோயாளிகள் கைத்தொழில் பயிலுதற்கென்றே ஓர் இல்லத்தை ஏற்படுத்தினார். தமிழ் மண்ணிலேயே நடந்த இச்செயல் காட்டும் உண்மை யாதெனின், மருத்துவம் கையைத் திருப்பித் தரலாம். அக்கைக்கு வேலையைத் திருப்பித் தருவது சமூகமே என்பதாம்.

அரசின் கடமையும் இதில் உண்டு. வள்ளுவர் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வையாது, பொருட்பாலில் அரசியற் பகுதியில் வைத்தார். இரங்கி நோக்கும் பார்வை தனிமனிதர்க்கு மட்டுமன்றி ஆளுவோர்க்கும் உரிய பண்பு என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், அமில வீச்சால் தாக்கப்பெற்றோரைப் பெயர் சொல்லித் தன் பட்டியலிற் சேர்த்துள்ளது. வரம்பிட்ட அளவு குறைபாடுடையோர்க்கு உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடமும் வகுத்துள்ளது. இது போற்றத்தக்கது. ஆனால் அடுப்புத் தீயாலும் பட்டாசுத் தீயாலும் முகம் சிதைந்தோர் அவ்வாறு பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. கை கால் இயக்கம் குன்றியிருந்தால் அவ்வகையில் அவர்கள் சேரலாம். இயக்கம் குன்றாது முகம் மட்டும் சிதைந்தோர்க்கு வழி யாது? அமிலத்தால் அழிந்த முகமும் நெருப்பால் அழிந்த முகமும் வேலை கேட்டு நிற்கும்போது ஒரே மறுமொழியையே பெறுகின்றன. சட்டம் மட்டும் அவற்றை வேறாகக் காணுதல் முறையன்று. புண் மூடியபின் வரும் ஈராண்டுப் பயிற்சிக்கும் அழுத்த ஆடைக்கும் மனநோய் மருத்துவத்திற்கும் மாவட்டந்தோறும் வசதி செய்தலும், தொலைவிலிருந்து வருவார்க்கு வழிச்செலவு அளித்தலும் அரசு மேற்கொள்ள வேண்டுவன. கூலி வேலையை விட்டுவிட்டு நகரத்திற்குச் செல்ல இயலாமையாலேயே பயிற்சியைக் கைவிட்டுக் கை மடங்கிப்போவார் உளர் என்பதை மறத்தலாகாது.

அரசு செய்யும் வரை நாம் வாளாவிருத்தல் வேண்டுமோ? வேண்டா. நம் கல்லூரியளவில் இன்றே செய்யத்தக்கன சில உள. தீக்காயத்தினின்று மீளும் மாணவர் ஒருவர் சேர்ந்தால், அவர்க்கு விசிறியின் கீழும் சாளரத்தின் அருகும் வெயில்படாத இடத்தை, அவர் கேட்குமுன்னரே, ஒதுக்கலாம். அறுவைக்கும் பயிற்சிக்கும் செல்லும் நாட்களை வருகைக் கணக்கிற் குறைவாகக் கொள்ளாது விடலாம். விரல் மடங்கியவர்க்குத் தேர்வில் மிகுதி நேரமோ எழுதுவோரோ அளிக்கலாம். நண்பகல் வெயிலில் மைதானத்தில் அணிவகுத்து நிற்றலினின்று விலக்களிக்கலாம். ஆண்டு மலருக்கு நிழற்படம் எடுக்கும்போது அவரைப் பின்வரிசைக்குத் தள்ளாதிருக்கலாம். இவை எவற்றுக்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

நண்பர்களாகிய நாம் செய்ய வேண்டுவது இவற்றினும் எளிது. ஆனால் பழகுதற்கு அரிது. அவரைக் கண்டவுடன் கண்ணை நோக்கிப் பேசுங்கள். தழும்பை நோக்கியும் பேசவேண்டா, தரையை நோக்கியும் பேசவேண்டா. எப்படி நேர்ந்தது என்று கேளாதீர்கள். கூற விரும்பினால் அவரே கூறுவார். கூறும்போது முடியும் வரை கேளுங்கள். வீரர் என்று மேடையேற்றிப் புகழவும் வேண்டா, பாவம் என்று இரங்கவும் வேண்டா. நேற்று நடந்த யாப்பிலக்கண வகுப்பின் குறிப்பைக் கடன் கேளுங்கள், பந்தாட்டத்திற்கு அழையுங்கள், கருத்து மாறுபட்டால் மற்றவரிடம் வாதாடுவதுபோலவே அவரிடமும் வாதாடுங்கள். மற்றவரைப்போல நடத்தப்படுதலே மற்றெல்லாவற்றினும் அவர் விரும்புவது.

வடு என்னும் சொல்லை வள்ளுவர் நாவின் காயத்திற்கே உரிமையாக்கிச் சென்றார். தீயால் உண்டான காயத்தை மருத்துவர் மூடிவிடக்கூடும். ஈராண்டிலோ பத்தாண்டிலோ தழும்பும் தணியக்கூடும். அதன்மேல் ஒரு வடுவை நாம் உண்டாக்காதிருத்தல் எவர்க்கும் இயலும். அடுத்த முறை பேருந்திலோ, வகுப்பிலோ, திருமணப் பந்தலிலோ அத்தகையோர் ஒருவர் நம் அருகில் வந்து அமரும்போது, சிறிது நகர்ந்து இடங்கொடுத்து, "வாருங்கள்" என்று கூறி, நம் பேச்சைத் தொடர்வோமாக. அவர்தம் நெடும்பயணத்தில் நம் பங்காகிய தொலைவை நாம் அங்ஙனமே கடத்தல் கூடும்.